மெல்ல நகரும் தட்டு, திடீரென நடுங்கும் நிலம்

“புவித்தட்டுகள் ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர்தான் நகர்கின்றன, ஏறத்தாழ விரல் நகம் வளரும் வேகம்தான் என்று படித்தேன். இத்தனை மெதுவாக நகரும் ஒன்று ஒரே நிமிடத்தில் ஒரு நகரத்தைச் சாய்ப்பது எப்படி? சின்னச் சின்ன நடுக்கங்கள் அடிக்கடி வந்துகொண்டிருந்தால் பெரியது வராது என்கிறார்களே, அதுவும் உண்மையா?” என்பது கேள்வி. கேட்டவருக்குத் தட்டுகள் நகர்வதில் ஐயமில்லை. மெதுவான ஒன்று எந்த இடத்தில், எந்த வழியில் வேகமான ஒன்றாக மாறுகிறது என்பதே அவர் அறிய விரும்புவது. ‘தட்டுகள் மோதிக்கொள்வதால் நிலநடுக்கம் ஏற்படுகிறது’ என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வரி சரியாக இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறது. மோதல் என்றதும் எதிரெதிரே வந்த இரண்டு பேருந்துகள் முட்டிக்கொள்ளும் காட்சி மனத்தில் எழுகிறது. இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளாக முட்டிக்கொண்டே இருக்கின்றன; இன்று காலையும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. ஓயாத அந்த முட்டலிலிருந்து எப்போதோ ஒருநாள் மட்டும் வரும் நடுக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு மோதல் என்ற சொல்லில் விடை இல்லை.

கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அதிர்வுப் பதிவுகளை வாசிக்கப் பழகியவனே தவிர, முன்னறிவிப்பு ஆய்வில் ஈடுபட்டவன் அல்லன். ஆகவே பதிலின் பிற்பகுதியில் பிறர் கண்டறிந்ததைச் சார்ந்தே பேச வேண்டியிருக்கும்.

முதலில் நகர்வைப் பற்றிச் சுருக்கமாக. தட்டு என்பது புவியின் மேலோடும் அதற்கு அடியிலுள்ள மூடகத்தின் மேற்பகுதியும் சேர்ந்த, பொதுவாக நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த, விறைப்பான பாறைப் பாளம். அது எரிமலைக் குழம்பில் மிதப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள், அப்படியில்லை. மூடகம் திடப்பாறைதான். நிலநடுக்கத்தில் எழும் அலைகளில் ஒரு வகையான, திரவத்தில் பரவ முடியாத எஸ் அலைகள் மூடகத்தை ஊடுருவி வருவதே அதற்குச் சான்று. ஆனால் மிகுந்த வெப்பத்தில், பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அந்தத் திடப்பாறையே பிசைந்த மாவைப் போல இழைந்து கொடுக்கிறது. அதன்மேல் தட்டுகள் நகர்கின்றன. இந்த நகர்வு இன்று ஊகமாக இல்லாமல் அளவீடாகவே இருக்கிறது. பாறையில் பதித்த ஜி.பி.எஸ். கருவிகள் மில்லிமீட்டர் நுட்பத்தில் ஆண்டுதோறும் அதைக் காட்டுகின்றன. இந்தியா யூரேசியாவை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நெருங்குகிறது; அதில் பாதியளவு, சுமார் 2 சென்டிமீட்டர், இமயத்தின் அடிவாரத்துக்கும் திபெத்துக்கும் இடையிலேயே அடங்கிப்போகிறது.

அடங்கிப்போகிறது என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு தட்டுகள் உரசும் எல்லையில் பாறை நொறுங்கி உண்டான பிளவுத்தளம் ஒன்று இருக்கும். ஆழத்தில், வெப்பம் 300, 350 பாகை செல்சியசைத் தாண்டும் இடத்தில், பாறை இழைந்து கொடுப்பதால் தட்டுகள் அங்கே சீராக வழுக்கிச் செல்கின்றன. அதற்கு மேலே, கண்டப் பகுதிகளில் பொதுவாக மேல் 15 கிலோமீட்டர் அளவில், பாறை குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது. மேலேயுள்ள பாறையின் எடை பிளவின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. உராய்வு அவற்றைப் பூட்டிவைக்கிறது. தொலைவில் தட்டு நகர்ந்துகொண்டே இருக்க, எல்லையில் மட்டும் நகர்வில்லை. அப்படியானால் அந்த நகர்வு எங்கே போகிறது? பாறைக்குள் வளைவாகப் போகிறது. பாறை வளையுமா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் 200 ஆண்டுகள் பூட்டிக்கிடந்தால் 5 மீட்டர் பாக்கி நிற்கும். அந்த 5 மீட்டரை 100 கிலோமீட்டர் அகலப் பாறையில் பரப்பிப் பார்த்தால் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் கம்பியில் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு. எந்தக் கருங்கல்லும் அவ்வளவு வளைந்து கொடுக்கும். அந்த வளைவு சிறியது, ஆனால் வளைந்திருக்கும் பாறையின் கன அளவு மிகப் பெரியது. நிலநடுக்கத்தின் ஆற்றல் அதற்குள்தான் சேமிக்கப்படுகிறது.

இது வெறும் கணக்கன்று. கண்ணால் கண்டு நிறுவப்பட்ட ஒன்று. 1906 ஏப்ரல் 18 அதிகாலை 5.12 மணிக்குக் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவியது. சான் பிரான்சிஸ்கோ நகரம் அதிர்விலும் தொடர்ந்த தீயிலும் அழிந்தது. நகரத்துக்கு வடக்கே மரின் வட்டாரத்தில், நேராகப் போட்டிருந்த ஒரு மரவேலி பிளவைக் கடக்கும் இடத்தில் அறுபட்டு, அதன் மறுபாதி இரண்டரை மீட்டருக்கு அப்பால் நின்றது. அந்தப் புகைப்படத்தை இன்றும் வகுப்புகளில் காட்டுகிறோம். ஆனால் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அறிஞரை ஈர்த்தது வேலியைவிட நில அளவையர்களின் குறிப்பேடுகள். 1850கள் முதல் அப்பகுதியில் குன்றுச்சிகளுக்கிடையே முக்கோண அளவை செய்துவந்தார்கள். நடுக்கத்துக்குப் பிறகும் அதே புள்ளிகளை மறுபடி அளந்தார்கள். பிளவின் இருபுறமும் தொலைவிலிருந்த புள்ளிகள் நடுக்கத்துக்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளிலேயே ஒன்றுக்கொன்று சுமார் 3 மீட்டர் நகர்ந்திருந்தன. பிளவை ஒட்டிய பகுதியோ அதுவரை அசையாமலிருந்து, அன்று காலையில் ஒரே துள்ளலில் கடன் தீர்த்தது. 1910-இல் ரீட் இதை வெளியிட்டார். மீட்சிக் கோட்பாடு என்று நாம் அழைப்பது இதுதான். ஓர் இடைக்குறிப்பு: பாறையை வளைப்பது எது என்று ரீடுக்குத் தெரியாது. தட்டு நகர்வுக் கொள்கை உருவானது 1960களில். விளைவின் பொறிமுறை சரியாகப் பிடிபட்டு அரை நூற்றாண்டு கழித்தே அதன் காரணம் பிடிபட்டது.

வகுப்பில் இதைக் காட்ட எனக்கு ஒரு செங்கல் போதுமானதாக இருந்தது. நீளமான பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அடியில் அதே தாள் ஒட்டிய செங்கல்லை அதன்மேல் வைப்போம். செங்கல்லில் கட்டிய கயிற்றோடு, பழைய சைக்கிள் டியூபில் நறுக்கிய ஒரு ரப்பர்ப் பட்டையை இணைத்து, அதன் மறுமுனையைக் கைப்பிடி வைத்த ஒரு சிறு உருளையில் கட்டுவோம். ஒரு மாணவர் உருளையை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சுற்றும் கைதான் தட்டு. பட்டை நீளும், மெலியும், செங்கல் அசையாது. திடீரென்று செங்கல் ஒரு சாண் தூரம் துள்ளி நிற்கும், பட்டை தொய்ந்துவிடும். கை நிற்கவேயில்லை, மறுபடி பட்டை நீளத் தொடங்கும். எப்போது துள்ளும் என்று மற்ற மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். முதல் இரண்டு மூன்று துள்ளல்களைப் பார்த்துவிட்டு ‘இன்னும் ஏழு சுற்று’ என்று உறுதியாகச் சொல்பவர் நான்காவதில் தோற்பார். சுற்றும் வேகமும் செங்கல்லின் எடையும் மாறாதிருந்தும் துள்ளலின் நீளமும் இடைவெளியும் ஒருபோதும் ஒன்றுபோல் அமைவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு துள்ளலும் உப்புத்தாளைக் கொஞ்சம் தேய்த்து, துகள்களை வேறு இடத்தில் சேர்த்துவிடுகிறது. பிறகு உப்புத்தாளை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் ஒட்டுவோம். இப்போது செங்கல் கையின் வேகத்திலேயே ஊர்ந்து வரும், துள்ளலே கிடையாது.

இயற்கையிலும் இந்த இரண்டாம் வகை உண்டு என்பதுதான் கேள்விக்கு நேரான விடையைத் தருகிறது. 1956-இல், கலிபோர்னியாவின் ஹோலிஸ்டர் நகருக்கு அருகே ஒரு திராட்சை மது ஆலையின் கான்கிரீட் சுவர்களும் தரையும் காரணமின்றி விரிசல் விட்டுக்கொண்டிருப்பதை ஆராய்ந்தபோது, கட்டடம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின்மேலேயே நிற்பதும், அதன் இரு பாதிகளும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் எதிரெதிரே நகர்ந்துகொண்டிருப்பதும் தெரிந்தன. ஹோலிஸ்டர் நகரத்துக்குள்ளேயே ஒரு கிளைப்பிளவின் மேல் நடைபாதையின் கல்விளிம்புகள் மெல்லக் கோணிப்போயிருப்பதைக் காணலாம். சான் ஹுவான் பௌடிஸ்டாவிலிருந்து பார்க்ஃபீல்டு வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர், பிளவு இப்படி ஊர்கிறது. அங்கே பெரிய நடுக்கம் ஏற்பட்டதாகப் பதிவில்லை. 1906-இன் நழுவல் வடக்கிலிருந்து வந்து சான் ஹுவான் பௌடிஸ்டா அருகே நின்றுபோனது. 1857-இல் அதே அளவு பெரிய நடுக்கம் ஒன்று பார்க்ஃபீல்டுக்கு அருகே தொடங்கித் தெற்கே ஓடியது. நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும் பகுதியைத் தாண்ட இரண்டாலும் இயலவில்லை. தட்டுகள் அதே இரண்டு, எல்லையும் அதே எல்லை. பூட்டிக்கிடக்கும் பகுதி துள்ளுகிறது, பூட்டாத பகுதி ஊர்கிறது. மெதுவான நகர்வு வேகமாக மாறுவது பிளவு பூட்டிக்கொண்ட இடத்தில் மட்டுமே.

ஏன் ஓரிடம் பூட்டுகிறது, ஓரிடம் ஊர்கிறது? பார்க்ஃபீல்டுக்கு அருகே பிளவை ஊடுருவி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 2007-இல் அங்கிருந்து பாறைத் துண்டுகளை எடுத்தார்கள். ஊர்ந்துகொண்டிருக்கும் பகுதியில் கிடைத்தது சாபோனைட் என்ற, மெக்னீசியம் மிகுந்த, வழவழப்பான களிக்கனிமம். பெயரிலேயே சோப்பு இருக்கிறது. அந்த இடத்துக்கு இந்த விளக்கம் உறுதியானது. எல்லாப் பிளவுகளுக்கும் இதையே பொருத்த முடியாது. நீரின் அழுத்தம், வெப்பம், பிளவுத்தளத்தின் கரடுமுரடு ஆகியவற்றின் பங்கு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பூட்டுவதற்கும் ஊர்வதற்கும் இடைப்பட்ட மூன்றாவது வகையும் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியவந்திருக்கிறது: வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அடியில், பிளவின் ஆழமான பகுதி ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒருமுறை, யாரும் உணராதபடி, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு சில சென்டிமீட்டர் நழுவுகிறது.

இனி அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிளவு முழுவதும் ஒரே நொடியில் நழுவுவதில்லை. ஏதோ ஒரு புள்ளியில் உராய்வு தோற்கிறது, அந்தப் புள்ளியின் சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது, அதுவும் தோற்கிறது. துணி கிழிவது போல, நொடிக்கு இரண்டரை அல்லது மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கிழிசல் பிளவின் வழியே ஓடுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்திலுள்ள பார்பாக் கிராமத்துக்கு அடியில் தொடங்கிய நழுவல், கிழக்கு நோக்கிக் காத்மாண்டுவின் அடிவழியே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தியத் தட்டு இமயத்துக்குக் கீழே நுழையும் சாய்தளம் அது. நழுவிய அளவு சில மீட்டர்கள். அவ்வளவு நேரத்தில் காத்மாண்டு சமவெளியின் வடபகுதி தெற்கு நோக்கி ஒன்றரை மீட்டருக்கும் மேல் தள்ளப்பட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கும் வடக்கே பனிமலைப் பகுதி சற்றே தாழ்ந்தது. பூட்டிக்கிடந்த காலத்தில் வளைந்து மேலெழுந்த பாறை தன் நிலைக்குத் திரும்பியதையே இது காட்டுகிறது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது பிளவின் நழுவலாக இருக்கவில்லை. அந்த நழுவல் தரையின் மேற்பரப்பை எட்டவேயில்லை. நழுவும்போது வெளிப்பட்ட அலைகளும், அவற்றைத் தாங்கமாட்டாத சுவர்களும், மலைச்சரிவுகளும்தான் கொன்றன. சேமித்த ஆற்றலில் பெரும்பங்கு பிளவுத்தளத்தில் பாறையை நொறுக்கவும் சூடாக்கவுமே செலவாகிறது. ஒரு சிறு பங்கே அலையாகப் பரவுகிறது. அந்தச் சிறு பங்கே இத்தனையும் செய்கிறது.

அளவு என்று நாம் சொல்லும் எண்ணும் இங்கிருந்தே வருகிறது: நழுவிய தளத்தின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றின் பெருக்கத்திலிருந்து அது கணக்கிடப்படுகிறது. கடற்பள்ளங்களில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் சரிந்து நுழையும் தளங்கள் மிக அகலமாகவும் நீளமாகவும் இருப்பதால்தான் உலகின் மிகப் பெரிய நடுக்கங்கள் அங்கே நிகழ்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவின் வடமேற்கே தொடங்கிய கிழிசல் நிக்கோபார், அந்தமான் வழியே ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் ஓடியது, முடிய எட்டுப் பத்து நிமிடங்கள் ஆயின, அளவு 9.1. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்து காய்ந்தன. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. இந்த ஏற்ற இறக்கம் கடலடியிலும் நிகழ்ந்ததால் மேலிருந்த நீர் முழுவதும் அசைக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அது நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் என்ன செய்தது என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, சிறு நடுக்கங்கள் பெரியதைத் தடுக்குமா என்பது. இது பரவலான நம்பிக்கை, கேட்க நியாயமாகவும் தோன்றுகிறது. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. அளவு ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு; இரண்டு படிக்கு ஆயிரம் மடங்கு. 8 அளவு நடுக்கம் ஒன்றைத் தவிர்க்க, அதே பிளவுப்பகுதியில் 6 அளவு நடுக்கங்கள் ஆயிரம் வேண்டும். 8 அளவு நடுக்கம் 200 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஐந்து வீதம் 6 அளவு நடுக்கங்கள் ஓயாமல் வந்தாக வேண்டும். இமயத்தின் எந்தப் பகுதியிலும் அப்படி நடப்பதில்லை. 5 அளவு என்றால் முப்பதாயிரத்துக்கு மேல். மாறாக, ஒரு நடுக்கம் பக்கத்துப் பிளவுப்பகுதியின் சுமையைக் கூட்டவும் செய்யும்: கோர்க்கா நடுக்கத்துக்குப் பதினேழு நாள் கழித்து, மே 12 அன்று, அந்தக் கிழிசல் நின்றுபோன கிழக்கு முனையருகே 7.3 அளவில் இன்னொன்று வந்தது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 7.3 அளவில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. அதுவே பெரிது என்று எவரும் எண்ணியிருக்கக்கூடும். இரண்டு நாளில் 9.0 அளவுடன் உண்மையான பெரியது வந்தது. முன்னதிர்வு என்ற பெயரை முதலாவதற்கு வைக்க முடிந்தது பிறகுதான்.

எங்கே, ஏன், எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்ற வரைக்கும் சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. எப்போது என்பதில் நிலைமை வேறு. பார்க்ஃபீல்டுக்கே மறுபடி வருகிறேன். அச்சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் 6 அளவை ஒட்டிய நடுக்கங்கள் வந்திருந்தன. சராசரி 22 ஆண்டு. ஆகவே அடுத்தது 1988-ஐ ஒட்டி, எப்படியும் 1993 முடிவதற்குள், வரும் என்று 95 விழுக்காடு உறுதியுடன் அறிவித்து, உலகிலேயே அடர்த்தியான கருவி வலையை அங்கே விரித்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். இடமும் அளவும் சொன்னபடியே அமைந்தன, காலம் பொய்த்தது, கிழிசல் ஓடிய திசையும் 1966-க்கு நேர் எதிராக இருந்தது. வருமுன் எச்சரிக்கை என்று கொள்ளத்தக்க எதையும் அத்தனை கருவிகளில் ஒன்றும் காட்டவில்லை. செங்கல் துள்ளலில் தோற்ற என் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆறுதல் அளிப்பேன். இன்று பொறுப்பான அறிஞர்கள் தருவது முப்பது ஆண்டுக் காலத்துக்கான வாய்ப்பு விழுக்காடு மட்டுமே. நாள் குறித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கடைசியாக, தட்டு எல்லையை வைத்து நான் மேலே சொன்ன விளக்கம் முழுமையாகப் பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியை மையமாகக் கொண்டு 6.2 அளவில் நடுக்கம் வந்தது. பிள்ளையார் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து உறங்கியவர்களின் மேல் மண்பிணைப்பில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள் சரிந்து, பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். அருகில் தட்டு எல்லை எதுவும் இல்லை. நிலைத்த தொல்பாறை நிலம் என்று நாங்களே பாடம் நடத்திய பகுதி அது. இமயத்தில் தடைபடும் தள்ளுவிசை தட்டு முழுவதும் பரவியிருப்பதும், உட்பகுதியிலுள்ள பழைய வலுக்குன்றிய பிளவுகள் அதனால் எப்போதாவது நழுவக்கூடும் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை. ஆனால் தக்காணத்தில் எத்தனையோ பழைய பிளவுகள் இருக்க, கில்லாரியின் அடியிலுள்ள பிளவு அந்த நாளில் ஏன் நழுவியது என்பதற்கு ஆழ்நீர் அழுத்தம், பாறையின் உள்ளமைப்பு எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எல்லோரும் ஏற்ற ஒன்று இன்னும் இல்லை. அந்த நடுக்கத்துக்கு அடுத்த வாரம் வகுப்பில் இதே கேள்வியை ஒரு மாணவி கேட்டாள். ‘தட்டு எல்லையில்’ என்று கரும்பலகையில் எழுதியிருந்த சொற்களுக்கு முன்னால் ‘பெரும்பாலும்’ என்று சேர்த்து எழுதினேன்.